பிளக் முனையில் ஒரு மெலிசான பொறி: பழைய பிக்கப் வண்டியின் நூறு வருஷக் கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு மெக்கானிக் ஷெட் பிரச்சினையிலிருந்து வரலாற்றுக்குள்ள போகப் போறோம்.

ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி. சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டர் சுத்துது. இஞ்சின் பிடிக்கல. பெட்ரோல் வருது, காத்து வருது. பிளக்கைக் கழற்றி இஞ்சின் மேல வெச்சுப் பார்த்தா பொறியும் வருது. ஆனா நீலமா, ‘டப் டப்’னு சத்தத்தோட வர வேண்டியது, ஆரஞ்சு நிறத்துல நூல் மாதிரி வந்துட்டுப் போகுது. பொறி சுத்தமா வரலைன்னா கண்டுபிடிக்கறது சுலபம். எங்கேயோ ஒரு ஒயர் அறுந்திருக்கும், அவ்வளவுதான். பொறி இருக்கு, ஆனா பலம் இல்லைங்கறதுதான் ஆளைக் குழப்பும்.

குழம்பினா நாம என்ன செய்வோம்? காயிலை மாத்துவோம். சரியாகலையா, கண்டன்சரை மாத்துவோம். அப்புறம் பிளக், அப்புறம் ஒயர். காசு போகும், நாள் போகும். தருமபுரி மாவட்டத்துல தக்காளி ஏத்திக்கிட்டு விடியறதுக்குள்ள பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய ஒரு வண்டிக்கு, ஒரு நாள் நின்னா அந்த லோடே வீண்.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பேட்டரிக்கும் பிளக்குக்கும் நடுவுல இருக்கற ஒவ்வொரு பாகமும், அதுக்கு முன்னாடி இருந்த ஏற்பாட்டுல வந்த ஒரு தொந்தரவுக்குப் பதிலா வந்து சேர்ந்தது. எது எதுக்காக வந்ததுன்னு தெரிஞ்சா, எது கெட்டுப்போனா வண்டி எப்படி நடந்துக்கும்னு தானா புரியும்.

1925: ஒரு ஊர், ஒரு வண்டி

தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்துல பாப்பாரப்பட்டி. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா ஆசிரமம் அமைச்ச ஊர். பாரத மாதாவுக்கு அங்கே ஒரு கோயில் கட்டணும்னு அவர் ஆசைப்பட்டார். 1923ல சித்தரஞ்சன் தாஸ் வந்து அதுக்கு அடிக்கல் நாட்டினார். சிறையில வந்த தொழுநோயைக் காரணம் காட்டி, சிவா ரயில்ல ஏறக் கூடாதுன்னு வெள்ளைக்கார அரசு தடை போட்டிருந்தது. அதனால ஊர் ஊரா நடந்தே போய்ப் பேசினார். 1925 ஜூலை 23ஆம் தேதி பாப்பாரப்பட்டியில்தான் அவர் உயிர் பிரிஞ்சது.

அதே 1925ல, சில மாசம் முன்னாடி, அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி தன்னோட மாடல் டி காருக்குப் பின்னாடி ஒரு திறந்த பெட்டியை வெச்சு விற்க ஆரம்பிச்சது. ஒரு தொழிற்சாலையே முழுசாச் செஞ்சு வித்த முதல் பிக்கப்னு பெரும்பாலும் அதைத்தான் சொல்றாங்க. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனா அந்த வருஷத்தை மனசுல வெச்சுக்கோங்க. ரயிலை நம்பாம சாலையை நம்பி ஆளும் சரக்கும் போற காலம் அப்பதான் உலகம் முழுக்கத் தொடங்குது. தமிழ்நாட்டில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களிலேயே பஸ் விட ஆரம்பிச்சுட்டார். 1920ல ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸோட பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஓட்டத் தொடங்கினார்.

இந்த வண்டிகள் எல்லாமே ஓடினது ஒரு சின்னப் பொறியை நம்பித்தான்.

பென்ஸ் முதல் மேக்னெட்டோ வரை

1831ல மைக்கேல் ஃபாரடே ஒரு விஷயத்தைக் காட்டினார். ஒரு கம்பிச் சுருள்ல ஓடற மின்சாரத்தைத் திடீர்னு நிறுத்தினா, பக்கத்துல இருக்கற இன்னொரு சுருள்ல மின்சாரம் கிளம்பும். ரெண்டாவது சுருள்ல சுத்து எண்ணிக்கையை ஆயிரக்கணக்குல ஏத்தினா, வோல்ட்டும் ஆயிரக்கணக்குல ஏறும். இன்னைக்கு வண்டியில இருக்கற இக்னிஷன் காயில் இதேதான்.

இதுல ‘திடீர்னு’ங்கற வார்த்தை ரொம்ப முக்கியம். மெதுவா நிறுத்தினா பொறி மெலிஞ்சிடும். பாரிஸ்ல இருந்த ஃபிஸோங்கற விஞ்ஞானி 1853ல இதுக்கு ஒரு வழி கண்டார். சுவிட்ச் திறக்கற இடத்துல ஒரு கண்டன்சரைச் சேர்த்தா, மின்சாரம் அந்த இடைவெளியில தாவி எரியாம சட்டுன்னு நிற்கும். பழைய பிக்கப்ல டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன டப்பா இருக்குமே, அதுதான் இது. ‘மெலிசான பொறி’ங்கற புகாருக்கு முதல்ல சந்தேகப்பட வேண்டிய ஆட்கள்ல அதுவும் ஒண்ணு.

1886ல கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கின வண்டியில பேட்டரியும் காயிலும் பிளக்கும் இருந்தது. ஆனா பேட்டரியைத் திரும்ப சார்ஜ் பண்ண வண்டியில எதுவும் இல்லை. இஞ்சினைவிட இந்தப் பொறிதான் அவருக்குப் பெரிய தலைவலி. 1888ல அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், கணவர்கிட்ட சொல்லாம ரெண்டு மகன்களையும் கூட்டிக்கிட்டு மான்ஹைம்ல இருந்து பிஃபோர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்கு மேல, அந்த வண்டியை ஓட்டிட்டுப் போனார். வழியில இக்னிஷன் ஒயர் உறை தேய்ஞ்சு மின்சாரம் கசிஞ்சது. காலுறையைப் பிடிச்சு நிறுத்தற எலாஸ்டிக் பட்டியை எடுத்து ஒயர்ல சுத்திட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். சாலையோரத்துல இக்னிஷன் ரிப்பேர் பார்த்தவங்க பட்டியல்ல முதல் பேரு ஒரு பெண்ணோடது.

அடுத்து வந்தது மேக்னெட்டோ. சைக்கிள் டைனமோ மாதிரி, காந்தம் சுத்தி மின்சாரத்தை அங்கேயே உண்டாக்கும். பேட்டரியே வேண்டாம். 1902ல ஜெர்மனியில ராபர்ட் பாஷ் கம்பெனியில வேலை பார்த்த கொட்லோப் ஹோனோல்ட், நேரா பிளக்குக்கே உயர் அழுத்த மின்சாரம் தர்ற மேக்னெட்டோவைச் செஞ்சார். மாடல் டி வண்டியும் மேக்னெட்டோவில ஓடினதுதான். அதுல காந்தங்கள் ஃப்ளைவீல்லயே இருக்கும். நாலு சிலிண்டருக்கு நாலு காயில், மரப்பெட்டியில உட்கார்ந்து ‘பஸ்ஸ்’னு அதிரும்.

மேக்னெட்டோவுக்கு ஒரு குணம் உண்டு. இஞ்சின் வேகமாச் சுத்தச் சுத்தத்தான் பொறி பலமாகும். ஸ்டார்ட் பண்ணும்போது, அதாவது பொறி ரொம்பத் தேவைப்படற நேரத்துல, அது மெலிசாத்தான் வரும். முன்னாடி நின்னு ஹேண்டில் போட்டுச் சுத்தறவர் பாடு திண்டாட்டம். பொறி கொஞ்சம் முந்திக்கிட்டா ஹேண்டில் திருப்பி அடிச்சு மணிக்கட்டை உடைச்சிடும்.

‘டெல்கோ’ங்கற பேர் எங்கிருந்து வந்தது?

நம்ம ஊர்ல பழைய மெக்கானிக்குகள் சிலர் டிஸ்ட்ரிபியூட்டரை ‘டெல்கோ’ன்னு சொல்வாங்க. அது ஒரு கம்பெனி பேர். அமெரிக்காவில டேட்டன் ஊர்ல சார்லஸ் கெட்டரிங்கும் கூட்டாளிகளும் தொடங்கின ஆய்வுக்கூடத்தோட சுருக்கப் பேர். அவங்க செஞ்ச பேட்டரி இக்னிஷன் காடிலாக் கார்கள்ல வந்தது. 1912 மாடல்ல செல்ஃப் ஸ்டார்ட்டரும் சேர்ந்தது.

கெட்டரிங் ஏற்பாடு இப்படி: பேட்டரியில இருந்து காயிலுக்கு மின்சாரம் போகுது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ‘பாயின்ட்’னு ஒரு சின்ன சுவிட்ச், இஞ்சின் சுத்தறதுக்கு ஏத்த மாதிரி மூடித் திறக்குது. அது திறக்கற அந்த நொடியில காயில்ல 15,000, 20,000 வோல்ட் கிளம்புது. ரோட்டர் சுத்தி, எந்த சிலிண்டரோட முறையோ அந்த பிளக்குக்கு அதை அனுப்புது.

கணக்கு பாருங்க. நாலு சிலிண்டர் இஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தினா, அந்தப் பாயின்ட் நிமிஷத்துக்கு 6,000 தடவை, அதாவது நொடிக்கு 100 தடவை திறந்து மூடணும். தேயாம என்ன செய்யும்?

இந்த ஏற்பாட்டோட குணம் மேக்னெட்டோவுக்கு நேர் எதிர். மெதுவாச் சுத்தும்போது காயில் நிரம்ப நேரம் கிடைக்குது, பொறி பலமா வருது. வேகம் ஏற ஏற நேரம் குறையுது, பொறி மெலியுது. ஆனா ஸ்டார்ட்டர் சுத்தும்போது அதுவே பேட்டரியை உறிஞ்சிடறதால, 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்துல 9, 10தான் காயிலுக்குக் கிடைக்கும். அதுக்காகப் பின்னாடி ‘பாலஸ்ட் ரெசிஸ்டர்’னு ஒண்ணைச் சேர்த்தாங்க. குறைஞ்ச வோல்ட்லயே வேலை செய்யற காயிலைப் போடு, ஓடும்போது ரெசிஸ்டர் வழியா மின்சாரத்தைக் குறை, ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி நேரா கொடு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

கரி பஸ்ஸும் ராணுவ ஜீப்பும்

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோலுக்கு ரேஷன். தமிழ்நாட்டில் பஸ்கள் கரிவாயுவில ஓட ஆரம்பிச்சது. பஸ் பின்னாடி ஒரு உருளை, அதுக்குள்ள அடுப்புக்கரி. மதுரை டி.வி.எஸ். நிறுவனமே இந்தக் கருவிகளைத் தயாரிச்சது. வீட்ல வயசானவங்க ‘கரி பஸ்’னு சொல்லிக் கேட்டிருப்பீங்க.

கரிவாயு பெட்ரோலை விட மெதுவா எரியும். அதனால பொறியை முன்கூட்டியே கொடுக்கணும். வாயுவோட வர்ற தாரும் தூசியும் பிளக் மேல படியும். பெட்ரோல்ல ஓடும்போது போதுமா இருந்த பொறி, கரிவாயுவுக்குப் போதாது. பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்கறது அந்தக் காலத்து டிரைவர், கிளீனர்களோட தினசரி வேலைகள்ல ஒண்ணு.

போர் முடிஞ்சதும் ராணுவம் விட்டுட்டுப் போன ஜீப்புகளும் டாட்ஜ், செவர்லே லாரிகளும் ‘டிஸ்போசல்’ வண்டிகளா ஏலத்துக்கு வந்தது. 1947ல மகிந்திரா கம்பெனி வில்லீஸ் ஜீப்பை இங்கேயே பூட்டி விற்கத் தொடங்கினாங்க. அந்தப் போர்க்கால ஜீப் 6 வோல்ட் வண்டி. துரு ஏறின ஒரு முனையில அரை வோல்ட் தொலைஞ்சா, 12 வோல்ட்ல அது 24ல ஒரு பங்கு. 6 வோல்ட்லயோ 12ல ஒரு பங்கு. அதனால அந்த வண்டிகள்ல எர்த் சுத்தமா இல்லைன்னா பொறி உடனே மெலிஞ்சிடும். பழைய ஆட்கள் எந்த ரிப்பேருக்கும் முதல்ல பேட்டரி முனையையும் எர்த் பட்டையையும் சுரண்டறாங்கன்னா, அந்தப் பழக்கத்துக்கு இப்படி ஒரு காரணம் இருக்கு.

பாகம் வராத காலம்

சுதந்திரத்துக்கு அப்புறம் அரசு ஒரு முடிவு எடுத்தது: இங்கேயே தயாரிக்கற திட்டம் இருக்கறவங்க மட்டும் வண்டி விற்கலாம். 1950களின் நடுவுல ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறிட்டாங்க. அவங்க வண்டிகள் மட்டும் நம்ம சாலையிலேயே தங்கிடுச்சு. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. ஒரு பாயின்ட் செட் கிடைக்கலைன்னா லாரி நிற்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப ரெண்டு தொழிற்சாலைகள் வந்தது. ஒண்ணு, பாஷ் கம்பெனி தொடர்போட 1951ல தொடங்கின மைக்கோ. பெங்களூரு ஆடுகோடியில பிளக்கும் டீசல் பம்பும் செஞ்சாங்க. ‘மைக்கோ பிளக்’னு இன்னும் பேச்சுல இருக்கு. இன்னொண்ணு 1961ல சென்னை பாடியில வந்த லூகாஸ் டி.வி.எஸ். இங்கிலாந்து லூகாஸ் கம்பெனியும் டி.வி.எஸ்.ஸும் சேர்ந்தது. ஸ்டார்ட்டர், டைனமோ, காயில், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் உள்ளூர்லயே. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ல ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி வேனும் பிக்கப்பும் செஞ்சாங்க. அதாவது, சேலத்துலயோ தருமபுரியிலயோ ஓடின ஒரு பெட்ரோல் பிக்கப்போட பொறி, பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவுல பிறந்த பொருட்களால உண்டானது.

இப்ப வண்டிக்கு வருவோம்

பேட்டரியில தொடங்கிப் பிளக்குல முடிக்கணும். பாகத்தை மாத்தறதுக்கு முன்னாடி அளக்கணும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

முதல்ல பேட்டரி. வண்டி ஓடாம நிற்கும்போது 12.6 வோல்ட் பக்கத்துல இருக்கணும். ஸ்டார்ட்டர் சுத்தும்போது 9.5க்குக் கீழே விழுந்தா, பிரச்சினை இக்னிஷன்ல இல்லாம பேட்டரியிலயே இருக்கலாம்.

ரெண்டாவது, காயிலோட பிளஸ் முனை. சாவியைப் போட்டு, பாயின்ட் மூடியிருக்கும்போது அளங்க. பாலஸ்ட் இல்லாத வண்டியில பேட்டரி வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட சமமா வரணும். அரை வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா, சாவி சுவிட்ச்லயோ ஒயர் முனையிலயோ தொலையுது. ஜீப் காலத்துப் பிரச்சினையே இதுதான்.

மூணாவது, பாயின்ட். பல வண்டிகளுக்கு இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவுல இருக்கும். உங்க வண்டி புத்தகத்துல சரியான அளவு இருக்கும், ஃபில்லர் கேஜ் வெச்சுப் பாருங்க. முகம் கறுத்து, ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடுன்னு இருந்தா கண்டன்சரைச் சந்தேகப்படுங்க. மின்சாரம் சட்டுன்னு நிற்காம தாவி எரியுதுன்னு அர்த்தம். முரட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, அந்தத் துகள் உள்ளேயே தங்கிடும். மெல்லிய அரம் போட்டு, சுத்தமான அட்டையால துடைங்க. கண்டன்சரைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ லூஸா இருந்தாலும் இதே தொந்தரவு வரும்.

நாலாவது, காயில். இங்கேதான் அந்த பாலஸ்ட் விஷயம். பாலஸ்ட் இல்லாத வண்டியோட காயில் பொதுவா 3 ஓம் அளவுல இருக்கும், பாலஸ்ட் வண்டியோடது அதுல பாதி. கடையில ‘12 வோல்ட் காயில்’னு கேட்டு வாங்கி, 3 ஓம் காயிலை பாலஸ்ட் வண்டியில போட்டா, புதுக் காயில், ஆனா மெலிசான பொறி. மாத்திப் போட்டா, பொறி நல்லா வரும், காயில் சுட்டுப் பாயின்ட் எரிஞ்சுபோகும். புதுப் பாகம் போட்டும் சரியாகலைங்கற பல புகார்களுக்குப் பின்னாடி இந்தப் பொருத்தக் குறைதான் இருக்கு.

அஞ்சாவது, டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டர், பிளக் ஒயர். கேப்புக்குள்ள முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிஞ்சா, பொறி அந்த வழியா எர்த்துக்கு ஓடுது. இருட்டுல இஞ்சினை ஓட விட்டுப் பார்த்தா, கசியற இடத்துல நீலக் கோடு தெரியும். பெர்த்தா பென்ஸ் பட்டி சுத்தினது இந்த மாதிரி ஒரு கசிவுக்குத்தான்.

கடைசியாப் பிளக். வெளியில பொறி நல்லா வந்தும் மேட்டுல இழுவை இல்லாமப் போகலாம். காரணம், சிலிண்டருக்குள்ள காத்து அழுத்தமா இருக்கும்போது அதைத் தாண்ட பல மடங்கு வோல்ட் வேணும். சேலத்துல இருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏத்தத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சா அழுத்தம் இன்னும் ஏறும், மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பிக்கும். சமதரையில ஒண்ணுமே தெரியாது. அதனால வெளியில சோதிக்கும்போது, எர்த் பண்ணின இன்சுலேட்டட் ஸ்பார்க் டெஸ்டர் வெச்சு 5, 6 மில்லிமீட்டர் தாண்டுதான்னு பாருங்க. ஒயரைக் கையில பிடிக்காதீங்க. பக்கத்துல பெட்ரோல் கசிவு இருந்தா இந்தச் சோதனையே வேண்டாம்.

பொறி போச்சு, திரும்பி வந்துச்சு

1954ல டாடா, மெர்சிடிஸ் கூட சேர்ந்து டீசல் லாரி கொண்டு வந்தாங்க. டீசல் இஞ்சின்ல பிளக் பொறியே கிடையாது. காத்தை அழுத்தற சூட்டிலேயே எரிபொருள் பத்திக்கும். கொஞ்ச வருஷத்துல லாரி உலகத்துல இருந்து பொறி விடைபெற்றது. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் பெட்ரோல் விலை ஏறினதும், ஜீப்புலயும் பிக்கப்லயும் டீசல் இஞ்சின் வந்தது. பலர் பழைய பெட்ரோல் இஞ்சினை இறக்கிட்டு டீசலை ஏத்தினாங்க. பாயின்ட் இடைவெளியைக் காதால கேட்டே சொல்ற மெக்கானிக்குக்கு வேலை குறைஞ்சது. கார்கள்லயும் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்து பாயின்ட்டை வெளியே அனுப்பிடுச்சு.

ஆனா 2020ல பி.எஸ். 6 விதி வந்ததும் சின்ன டீசல் வண்டிகளோட விலை ஏறிடுச்சு. டாடா ஏஸ் மாதிரி குட்டி யானை வண்டிகள் பெட்ரோல்லயும் சி.என்.ஜி.யிலயும் வர ஆரம்பிச்சது. பொறி மறுபடியும் சரக்கு வண்டிக்குள்ள வந்திருக்கு. சி.என்.ஜி.யைப் பத்தவைக்க, பெட்ரோலை விட பலமான பொறி வேணும். கரி பஸ் டிரைவர் பட்ட அதே பாடு, இப்ப கம்ப்யூட்டர் கண்காணிப்புல.

ஸ்கேனர் ‘மிஸ்ஃபயர்’னு மட்டும் காட்டும். பேட்டரியில வோல்ட் குறைவா, எர்த் துருவா, காயிலா, பிளக் இடைவெளியான்னு அதே வரிசையில ஒருத்தர் பார்த்தாகணும். அந்த வரிசை தெரியாத இடத்துலதான் நல்லா இருக்கற காயில் குப்பைக்குப் போகுது, லோடு ஏத்தின வண்டி மதியம் வரைக்கும் ஷெட்லயே நிக்குது.

உங்க ஊர்ல பாயின்ட் வண்டி பார்த்த பழைய மெக்கானிக் யாராவது இருந்தா, அவர் எதை முதல்ல தொட்டுப் பார்ப்பார்னு கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.